களத்தில் வரைந்த வீடு

புகையிலை ஒடிக்கிற மாதத்தில் எங்கள் மெய்னோங் பக்கம் புத்தியுள்ளவன் எவனும் வீட்டு வேலையில் கைவைக்க மாட்டான். ஆளே கிடைக்காது. இன்றைக்கு உன் வயல், நாளைக்கு என் வயல் என்று மாற்றாள் வைத்து, பனி உலர்வதற்குள் அடி இலைகளை ஒடித்து, மத்தியானம் முழுக்கக் கழிகளில் கோத்து, சூளை அறைக்குள் தூக்கி மாட்டி, நெருப்புப் போட்டுவிட்டு நிமிர்ந்தால் இடுப்பு தன்னுடையதாக இருக்காது. இதற்கு நடுவில் செங்கல்லாவது, சிமெண்டாவது! ஆனால் நாள் பார்க்கிறவர் ஃபுக்சாங் பிறந்த வருஷத்தை வைத்துப் பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு, இந்த மாதத்தை விட்டால் அடுத்த வருஷக் கடைசிவரைக்கும் அவனுக்கு மண் தோண்ட நாளே இல்லை என்று சொல்லிவிட்டார். அப்புறம் என்ன செய்வது? பழைய வீட்டுக்குப் பின்னால் நின்ற வாழைகளை வெட்டித் தள்ளிவிட்டு அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள்.

ஃபுக்சாங்கின் மனைவி லான்மோய் காலையில் அடுத்தவர் வயலில் இலை ஒடித்தாள். மத்தியானம் இலை கோத்தாள். நடுவில் ஓடிவந்து கொத்தனார்களுக்குச் சோறு போட்டாள். சும்மா போடவில்லை, பன்றிக்கொழுப்பில் வதக்கிய ஆம்பல் தண்டு, உலர்ந்த முள்ளங்கி போட்டுப் பொரித்த முட்டை, இஞ்சி தட்டிப் போட்ட கோழிச்சாறு. கொத்தனார் முகம் கோணினால் சுவரும் கோணிவிடுமோ என்று அவளுக்கு ஒரு பயம். புகையிலைப் பிசின் ஏறிய கறுத்த விரல்களால் அவள் பரிமாறுவதைப் பார்த்து ஒருத்தரும் முகம் சுளிக்கவில்லை. அந்த மாதத்தில் ஊரில் எல்லாருக்கும் அதே விரல்கள்தான்.

இத்தனை பாடும் ஒரு கதவுக்காக.

ஃபுக்சாங் சென்ட்ரிங் வேலை பார்த்தவன். துறைமுக நகரத்தில் எழும்பிய பெரிய கட்டடங்களுக்கெல்லாம் பலகை அடித்தவன். இரண்டு வருஷம் முன்னால் மூன்றாம் மாடிச் சாரத்திலிருந்து விழுந்தான். உயிர் தங்கியது. இடது காலை முழங்காலோடு எடுத்துவிட்டார்கள். வலது கால் மடங்காமல் குச்சியாக நின்றுவிட்டது. கைகள் மட்டும் பழைய பலத்தோடு இருந்தன. அந்தக் கைகளை வைத்துக்கொண்டு சக்கர நாற்காலியில் எங்கே வேண்டுமானாலும் போகலாம்தான். பழைய வீடு விட வேண்டுமே! நடுவில் முன்னோர் பெயர் எழுதிய பலகை வைத்த கூடம், இரண்டு பக்கமும் சிறகு மாதிரி நீளும் அறைகள், அறைக்கு அறை முழங்கால் உயரத்துக்கு மரப்படி. கழிவறையோ களத்தைத் தாண்டி, பன்றிக்கொட்டிலுக்குப் பக்கத்தில். லான்மோய் அவனை முதுகில் சுமந்துகொண்டு போவாள், சுமந்துகொண்டு வருவாள்.

அறையிலேயே ஒரு பானை வைத்துப் பார்த்தாள். மூடி போட்ட அந்தப் பானையை அவள் தூக்கிக்கொண்டு, இலை கோக்க வந்த பெண்களுக்கு நடுவே களத்தைக் கடந்து போனதை அவன் ஜன்னல் வழியாக ஒருநாள் பார்த்தான். அதோடு பானையைத் தொடவில்லை. அவன் கண்டுபிடித்த வழி வேறு: குடிப்பதை விட்டுவிட்டான். அவள் காலையில் வைத்துவிட்டுப் போன டீ மத்தியானம் அப்படியே ஆறிக் கிடக்கும். இல்லையென்றால் ஜன்னலுக்கு வெளியே இருக்கும் செடிக்குப் போயிருக்கும். "இப்படியே போனா கிட்னி ரெண்டும் கெட்டுப் போகும், சொல்லிட்டேன்" என்று டாக்டர் சத்தம் போட்டார். வீட்டில் அதைப் பற்றிப் பேச்சே கிடையாது. அவளுக்குத் தெரியும் என்பது அவனுக்குத் தெரியும். இரண்டு பேரும் வாயைத் திறக்க மாட்டார்கள்.

அதனால்தான் இந்தப் புது வீடு. மாடி வேண்டாம், படி வேண்டாம், எல்லாம் ஒரே தரை. படுக்கையறைக்கு எதிரிலேயே கழிவறை. அவன் யாரையும் கூப்பிடாமல், யாரும் பார்க்காமல் தானாகப் போய்வர வேண்டும். லான்மோய் கேட்டது அவ்வளவுதான்.

உள்சுவர் எழுப்புவதற்கு முந்தின நாள் மத்தியானம், மேஸ்திரி ஆதெட் சாப்பிட்டுக் கைகழுவிவிட்டு வரைபடத்தை அவள் கையில் கொடுத்தான்.

"அண்ணி, நாளைக்குக் காலையில உள்சுவரு ஏத்தறோம். ஒரு தடவை நல்லாப் பாத்துக்கங்க. ஏத்துனப்புறம் அங்க மாத்து, இங்க மாத்துன்னா அப்புறம் சம்மட்டிதான்."

"பாத்துட்டேன், பாத்துட்டேன்."

"இந்தக் கதவு இப்படித் தொறக்குது, இது இங்க. சரிதானே?"

அவள் தலையாட்டினாள். ஆதெட் வரைபடத்தை அவள் கையிலிருந்து வாங்கி, தலைகீழாக இருந்ததை நேராகத் திருப்பிக் கொடுத்தான். பக்கத்தில் பல் குத்திக்கொண்டிருந்த கொத்தனார் வேறு பக்கம் பார்த்தான்.

அவளுக்கு முகம் சுட்டுப்போய்விட்டது. இது முதல் தலையாட்டல் இல்லை. டவுனில் வீட்டுப் படம் வரைகிற யாப் என்பவரின் ஆபீசிலும் இப்படித்தான் ஆட்டினாள். அன்றைக்குக் கூட வந்திருந்தவள் குய்யின், ஃபுக்சாங்கின் அக்கா. கடைத்தெருவில் அரிசி நூடுல்ஸ் கடை வைத்திருக்கிறவள், இரண்டு தெரு தள்ளிக் கேட்கும் குரல். தம்பி விழுந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே எண்ணம்: பழைய வீட்டுக் கதவு கறுப்பு எழுத்தில் நின்றதால்தான் அவன் விழுந்தான். எங்கள் பக்கத்து இரும்பு டேப்பில் சென்டிமீட்டர்க் கணக்கோடு இன்னும் இரண்டு வரிசை அச்சடித்திருக்கும். மேல் வரிசை உயிரோடு இருப்பவர்களின் வீட்டுக்கு, கீழ் வரிசை செத்தவர்களின் பலகைக்கும் கல்லறைக்கும். சிவப்பு எழுத்து நல்லது, கறுப்பு கெட்டது. அதைப் பார்க்காமல் இங்கே ஒருத்தன் அலமாரிகூடச் செய்ய மாட்டான்.

யாப் கதவுகளுக்குத் தொண்ணூற்றைந்து என்று எழுதியிருந்தார். குய்யின் டேப்பை இழுத்து வரைபடத்தின் மேலேயே நீட்டினாள்.

"தொண்ணூத்தஞ்சு என்ன தெரியுமா? நோய்! கறுப்பு மையில போட்டிருக்கான் பாருங்க. ஏற்கெனவே எங்க வீட்டுல ஒருத்தன் பட்டது போதாதா?"

"அம்மா, பேப்பர்ல இருக்கிற அளவு வந்து..." என்று யாப் ஆரம்பித்தார்.

"எனக்கு டேப்பு பாக்கத் தெரியும் சார். படுக்கையறைக் கதவைத் தொண்ணூறாக்குங்க, அது செல்வம். கழிவறைக்கு எதுக்கு இவ்வளவு பெரிய வாசல்? எருமையா உள்ள போகப்போகுது? வாசல் பெருசா இருந்தா வீட்டுச் செல்வம் அந்த வழியா ஓடிரும். இந்தா, அறுபத்தெட்டு, சிவப்பு. தம்பி வண்டி அறுபத்து நாலு, நான் அளந்துட்டுத்தான் வந்தேன். நாலு சென்டி மிச்சமே இருக்கு."

யாப் லான்மோயைப் பார்த்தார். லான்மோய் தலையாட்டினாள். அவர் ரப்பரை எடுத்துவிட்டார்.

ஆதெட் வரைபடத்தைத் திருப்பிக் கொடுத்த அன்று இலை சீக்கிரம் கோத்து முடிந்துவிட்டது. லான்மோய் வீட்டுக்கு வந்து, ஃபுக்சாங்கின் கட்டிலில் வரைபடத்தை விரித்தாள். அச்செடுத்த காகிதத்தின் அமோனியா நெடி அறை முழுக்கப் பரவியது. இருபது வருஷம் அந்த நெடியில் பிழைத்தவன் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"ஒரு தடவை பாத்துச் சொல்லுங்களேன்."

"ஆதெட்டுக்குத் தெரியும். அவன் பாத்துக்குவான்."

"அவரா இதுல குடியிருக்கப்போறாரு?"

அவன் காகிதத்தைக் கையால் ஒதுக்கித் தள்ளினான். லான்மோய்க்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷன்மேல், குய்யின்மேல், எல்லாவற்றையும்விட ஆடிக்கொண்டே இருக்கும் தன் தலைமேல். காகிதத்தைச் சுருட்டிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு களத்துக்கு வந்தாள். சிவப்பு மொச்சை மூட்டை கட்டியாகிவிட்டதால் களம் பெருக்கிச் சுத்தமாகக் கிடந்தது. மலைப் பக்கமிருந்து காய்ந்த காற்று. வெயில் இன்னும் இருந்தது.

காகிதத்தில் இரண்டு சென்டி என்றால் தரையில் ஒரு மீட்டர் என்று ஆதெட் ஒருநாள் யாருக்கோ சொன்னது அவள் காதில் விழுந்திருந்தது. இவ்வளவு சின்னதாக எழுதினால் எனக்கு எப்படிப் புரியும்? பெரிதாகவே எழுதிப் பார்க்கிறேன். நாற்று நடக் கயிறு பிடிக்கத் தெரிந்தவளுக்கு இதென்ன பெரிய வித்தை? புகையிலைக் கழிகளை முளையடித்தாள். கயிற்றை இழுத்தாள். நாற்றங்காலுக்கு வாங்கி மிச்சமிருந்த சுண்ணாம்புத் தூளைக் கயிற்றோரமாகத் தூவிக்கொண்டே போனாள். காகிதத்தில் முட்டை மாதிரி ஒன்று இருந்தது. அது கழிவறைப் பீங்கான், அதைக் கண்டுபிடித்ததும் மற்றதெல்லாம் ஒவ்வொன்றாகப் பிடிபட்டது. நீட்டுப் பெட்டி கட்டில். மூன்று கோடு சேர்ந்து போனால் ஜன்னல். கால்வட்டமாக விசிறி விசிறியாக அங்கங்கே ஒன்று இருந்ததுதான் என்னவென்று தெரியவில்லை.

"ஏய்! என்ன பண்றே அங்க?" சத்தம் கேட்டுத் திரும்பினாள். ஃபுக்சாங் நாற்காலியை உருட்டிக்கொண்டு அறை வாசலுக்கு வந்திருந்தான். படி தடுத்ததால் அங்கேயே நின்றான்.

"வீடு கட்டறேன்."

"உன்னை யாரு கேட்டா?"

"யாரும் கேக்கல. அதான் நானே கட்டிக்கறேன்."

அவள் இரண்டாவது அறைக்குக் கயிறு இழுத்தாள். அவன் நாக்கு அடங்கவில்லை.

"சுவரு எங்க?"

"இதோ, இதான் சுவரு. கண்ணு தெரியலையா?"

"கோடு தெரியுது. சுவரு எங்கன்னு கேக்கறேன். சுவருக்குக் கனம் வேணாமா? கோட்டு மேலயா கூரை நிக்கும்?"

"பேப்பர்ல கோடுதான் போட்டிருக்கு."

"ரெட்டைக் கோடு போட்டிருக்கும். அதுக்கு நடுவுல விட்டு விட்டு ஒரு மெல்லிசுக் கோடு ஓடும். அளவெல்லாம் அந்த நடுக்கோட்டுலருந்து அடுத்த நடுக்கோட்டுக்கு. நீ அதையே சுவருன்னு நெனச்சுட்டே. உன் வீட்டுல குடியேறுனா கட்டில் பாதி செங்கல்லுக்குள்ள இருக்கும்."

லான்மோய் காகிதத்தை முகத்துக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள். இரட்டைக் கோடு. நடுவில் மெல்லிசாக ஒன்று.

"பாக்காமலே எப்படிச் சொல்றீங்க?"

"எல்லாப் பேப்பரும் அப்படித்தான்." தொண்டையைக் கனைத்துக்கொண்டான். "அந்த விசிறி மாதிரி இருக்கே, அது கதவு. எந்தப் பக்கம் தொறக்கும், எவ்வளவு எடம் அடைக்கும்னு காட்டறது. அதை ஏன் போடாம விட்டே?" பிறகு பொறுமை போய்விட்டது. "இங்கருந்து கத்த முடியாது. என்னைத் தூக்கி அங்க விடு."

லான்மோய் கயிற்றைக் கீழே போட்டாள். இரண்டு வருஷமாக அவன் தூக்கச் சொன்னது ஒரே இடத்துக்குத்தான். அதையும் வாய்விட்டுச் சொன்னதில்லை, கண்ணால் சொல்வான். நாற்காலியை முதலில் படி தாண்டி இறக்கினாள், அப்புறம் அவனை. அவன் அவள் தோளைப் பிடித்துக்கொண்டே "முளை கோணலா அடிச்சிருக்கே" என்றான்.

அதற்கப்புறம் களத்தில் நடந்தது வேலை. வரைபடத்தை மடியில் விரித்துக்கொண்டு அவன் சொல்லச் சொல்ல, அவள் பின்பக்கம் அடுக்கியிருந்த செங்கல்களைக் கைவண்டியில் கொண்டுவந்து கோட்டின் இரண்டு பக்கமும் வரிசை வைத்தாள். திட்டு தாராளமாக விழுந்தது. அவளும் சளைக்கவில்லை; "இப்படித் திட்டித் திட்டித்தான் சாரத்துலருந்து தள்ளிவிட்டாங்களோ என்னவோ" என்று வாய்தவறிச் சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டாள். அவன் ஒரு கணம் பார்த்துவிட்டுச் சிரித்துவிட்டான். சிரித்தே விட்டான்!

வீடு வந்துவிட்டது. ஒரு செங்கல் உயரத்துக்குக் கூரையில்லாத வீடு. அவன் முன்வாசலில் நுழைந்து, கூடத்தைக் கடந்து, படுக்கையறையில் ஒரு சுற்றுச் சுற்றி, நடையில் திரும்பி, கழிவறை வாசலுக்கு வந்தான். அறுபத்தெட்டு. நாற்காலி விரல் முட்டி உரச உள்ளே போனது.

"போயிடுச்சு!" என்று லான்மோய் கைதட்டினாள்.

அவன் சுண்ணாம்பு முட்டைக்குப் பக்கத்தில் போய் நின்று, அங்கிருந்து வாசலைப் பார்த்தான். அவன் முகம் மாறியது.

"நிலை எங்க?"

"எந்த நிலை?"

"கதவு நிலை. மரம். நீ செங்கல்லுக்கும் செங்கல்லுக்கும் அளந்து வச்சிருக்கே. பேப்பர்ல இருக்கிறது சுவத்துல விடற ஓட்டை. அதுக்குள்ள ரெண்டு பக்கமும் நிலைக்கட்டை வரணும், அதுக்குப் பின்னால சாந்து. பக்கத்துக்கு அஞ்சு சென்டி போயிடும். ரெண்டு துண்டுக் கட்டை எடுத்துட்டு வா."

கொண்டுவந்து இரண்டு பக்கமும் நிறுத்தினாள். அவன் வெளியே வர நாற்காலியை உருட்டினான். இரண்டு சக்கரமும் கட்டையில் இடித்து நின்றன. பின்னால் போய் மறுபடி வந்தான். இடித்தது. டேப்பை வாங்கி இழுத்துப் பிடித்தான். ஐம்பத்தெட்டு. அந்த இடத்தில் கறுப்பு எழுத்து. பிரிவு.

சுண்ணாம்புக் கழிவறைக்குள் அவன் உட்கார்ந்திருந்தான். கட்டையை எடுத்தால் வெளியே வந்துவிடலாம். ஆனால் லான்மோய்க்கு அந்தக் கட்டையின் மேல் ஒரு முழுச் சுவர் நிற்பது தெரிந்தது. நாளைக்குக் காலையில் ஏறப்போகிற சுவர். இத்தனை பாடும் பட்டு, கழிவறை வாசல்வரை கொண்டுபோய் அவனை நிறுத்தி, அங்கிருந்து மறுபடி முதுகில் சுமப்பதா? தரையில் உட்கார்ந்து கறுத்த விரல்களால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள்.

"அழாதே. இன்னும் ஏத்தலையே" என்றான் அவன்.

அந்த நேரம் பார்த்துத்தான் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டது. குய்யின் நூடுல்ஸ் தூக்குடன் வந்து இறங்கினாள். களத்தைப் பார்த்ததும் தூக்கை அப்படியே கீழே வைத்தாள்.

"என்னடி இது கூத்து? வெள்ளைப் பொடியைத் தூவி வீடு கட்டி, நடுவுல அவனை உக்கார வச்சிருக்கே? சாவு வீட்டுக்குக்கூட இப்படிப் பண்ண மாட்டாங்க!"

"அக்கா, கழிவறை வாசல் பத்தாது. வண்டி போகாது" என்று லான்மோய் எழுந்தாள்.

"நாந்தான் அளந்தேனே? நாலு சென்டி மிச்சம்!"

"நிலை வந்தா அம்பத்தெட்டுதான் அக்கா. பழையபடி தொண்ணூத்தஞ்சே வைக்கணும்."

"தொண்ணூத்தஞ்சா? என் உசுரு இருக்கிறவரைக்கும் இல்லை! நோய்னு எழுதியிருக்கிற வாசல் வழியா என் தம்பி தெனம் போய்வரணுமா? பழைய வீட்டுக் கதவை மாத்துடா மாத்துடான்னு தலைதலையா அடிச்சிக்கிட்டேன், கேட்டானா? ஆஸ்பத்திரியில இவன் காலைத் துணியில சுத்தி எடுத்துட்டுப் போனாங்களே, நீ பாக்கலைடி. நான் பாத்தேன்." குரல் உடைந்துவிட்டது. "வண்டி போகலைன்னா என்ன? நீ தூக்கிட்டுப் போ. உனக்கு முடியலைன்னா சொல்லு, கடையை மூடிட்டு நான் வந்து தூக்கறேன்."

"அக்கா" என்றான் ஃபுக்சாங்.

அவன் சத்தமாகச் சொல்லவில்லை. ஆனால் குய்யின் நிறுத்திவிட்டாள்.

"நான் தண்ணி குடிக்கிறதில்லை அக்கா."

"என்னடா சொல்றே?"

"குடிச்சா போகணும். போகணும்னா இவ தூக்கணும். நாலு மணிக்கு எந்திரிச்சு இலை ஒடிச்சிட்டு வர்றா. வந்ததும் சாப்பிடறதுக்கு முன்னால என்னைத்தான் தூக்கறா. அதான் குடிக்கிறதில்லை. நீ கொண்டுவர்ற சாறையெல்லாம் ஜன்னல் வழியா ஊத்திருவேன். நூடுல்ஸை மட்டும் தின்னுட்டு நல்லா இருந்துச்சுன்னு சொல்லுவேன். நோய் வாசல்ல வராது அக்கா. எனக்கு ஏற்கெனவே வந்துட்டிருக்கு."

குய்யின் லான்மோயைப் பார்த்தாள். லான்மோய் தலையாட்டவில்லை; கண்ணைத் துடைத்துக்கொண்டு "டாக்டர் சொல்லிட்டாரு, கிட்னி போயிடும்னு" என்றாள். கடைத்தெருவையே அதட்டுகிறவள் களத்துச் செங்கல் ஒன்றின்மேல் உட்கார்ந்துவிட்டாள். காற்றில் சுண்ணாம்புத் தூள் அவள் கறுப்புக் காற்சட்டையில் படிந்தது.

"இந்தா" என்று ஃபுக்சாங் டேப்பை அவளிடம் நீட்டினான். "லான்மோய், அந்தச் செங்கல்லைத் தொண்ணூத்தஞ்சுக்குத் தள்ளு. கட்டையை ரெண்டு பக்கமும் வை. அக்கா, நீ இப்ப உள்ளுக்குள்ள அள. கட்டைக்கும் கட்டைக்கும். ஆள் நடக்கிற வழியைத்தானே அளக்கணும்? செங்கல்லுக்குள்ள நடக்கறவன் யாரு?"

குய்யின் குனிந்து டேப்பை இழுத்தாள். எண்பத்தைந்து. மேல் வரிசையில் பார்த்தாள். கீழ் வரிசையைப் பார்த்துவிட்டோமோ என்று மறுபடி மேல் வரிசையைப் பார்த்தாள். சிவப்பு. 'வேர்' என்று எழுதியிருந்தது. குடும்பம் வேர் பிடித்து நிற்கும் என்று அர்த்தம். நம்பாமல் டேப்பை விட்டுவிட்டு மறுபடி இழுத்தாள்.

"படுக்கையறைக்குத் தொண்ணூறு சொன்னேனே, செல்வம்னு?"

"உள்ளுக்குள்ள எண்பதுதான் வரும். பாரு, என்ன எழுத்துன்னு."

பார்த்தாள். கறுப்பு. கேடு. குய்யின் டேப்பைச் சுருளவிட்டாள்.

"அப்ப, அந்தப் படக்காரரு அன்னிக்குப் 'பேப்பர்ல இருக்கிற அளவு வந்து'ன்னு இழுத்தாரே, இதைத்தான் சொல்ல வந்தாரா?"

"நீங்கதான் அவரை விடலையே அக்கா" என்றாள் லான்மோய்.

"நீயாவது ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம்ல? பக்கத்துல நின்னுட்டு மண்டையை மண்டையை ஆட்டுனே!"

"ஆட்டுனேன், தப்புதான். இனிமே ஆட்ட மாட்டேன்." லான்மோய் காகிதத்தைக் கையிலெடுத்தாள். அவள் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஏங்க, இந்த விசிறி உள்பக்கமா இல்ல இருக்கு?"

"எது?"

"கழிவறைக் கதவு. உள்பக்கமாத் தொறக்குது. நீங்க வண்டியோட உள்ள போனீங்கன்னா வண்டி இங்க நிக்கும். கதவு வந்து வண்டியில இடிக்கும். எப்படி மூடுவீங்க?" சுண்ணாம்பை ஒரு பிடி அள்ளி, தரையில் கால்வட்டத்தைப் போட்டுக் காட்டினாள். வட்டம் நாற்காலியின் சக்கரத்தின் மேலேயே போய் ஏறியது. காலால் அதைத் துடைத்துவிட்டு, நடைப்பக்கம் இன்னொன்று போட்டாள். "வெளிப்பக்கமாத் தொறக்கணும். அப்பத்தான் மூட முடியும்."

ஃபுக்சாங் காகிதத்தைப் பார்த்தான், தரையைப் பார்த்தான். "நான் இதைப் பாக்கவே இல்லை" என்றான். "உள்ள போறதைப் பத்தி மட்டும்தான் நெனச்சேன்."

குய்யின் முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். மோட்டார் சைக்கிளை உதைத்தாள்.

"எங்க அக்கா கிளம்பிட்டீங்க?"

"ஆதெட் வீட்டுக்கு. காலையில அவன் கரண்டியைத் தொடறதுக்கு முன்னால நான் சொல்லியாகணும். அப்புறம் அந்தப் படக்காரரு. வாயை மூடிக்கிட்டு நின்னு கேக்கறேன், போதுமா?" கொஞ்ச தூரம் போய்விட்டுத் திரும்பிக் கத்தினாள்: "அந்தத் தூக்குல சாறு இருக்கு. ஜன்னல் பக்கம் போச்சுன்னு தெரிஞ்சுது, வந்து உதைப்பேன்!"

மறுநாள் ஆதெட் உள்சுவரின் முதல் வரியைப் பரப்பியபோது லான்மோய் இலை ஒடிக்கப் போகவில்லை. தனக்குப் பதில் மாற்றாள் அனுப்பிவிட்டு, காகிதத்தை நேராகப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றாள். "செங்கல்லுக்குச் செங்கல் தொண்ணூத்தஞ்சு. உள்ளுக்குள்ள எண்பத்தஞ்சு. கதவு வெளிப்பக்கம்." ஆதெட் "சரிங்க மேஸ்திரி" என்று சலாம் வைத்தான். கொத்தனார்கள் சிரித்தார்கள், அவளும் சிரித்தாள்.

புகையிலை முடிந்து, வயலில் தண்ணீர் கட்டி நாற்று நட்டு, நாற்றும் பச்சை பிடித்துவிட்டது. தரையில் டைல்ஸ் ஒட்டி, நிலைகளை நிறுத்தி, ஒருநாள் சாயங்காலம் தச்சன் கழிவறைக் கதவைப் பொருத்திப் பார்க்க மாட்டினான். குய்யின் கடையைச் சீக்கிரமே மூடிவிட்டு வந்திருந்தாள். வீட்டில் இருந்த ஒவ்வொரு கதவையும் உள்ளுக்குள் அளந்து, ஒவ்வொன்றுக்கும் "சிவப்பு" என்று ஊருக்கே அறிவித்தாள். கடைசியாகக் கழிவறை வாசலை அளந்துவிட்டு, டேப்பைச் சுருட்டி, ஓரமாக நகர்ந்து வழிவிட்டாள்.

ஃபுக்சாங் கூடத்திலிருந்து உருட்டிக்கொண்டு வந்தான். நடையில் திரும்பினான். எங்கும் இடிக்கவில்லை, உரசவில்லை. உள்ளே போனான். கை நீட்டிக் கதவை இழுத்தான். கதவு மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழும் சத்தம் கேட்டது.

வெளியே இரண்டு பெண்களும் நின்றார்கள். நேரம் போய்க்கொண்டே இருந்தது.

"டேய், உள்ள என்னடா பண்றே?" என்று குய்யின் கதவைத் தட்டினாள். "பீங்கானுக்கு இன்னும் தண்ணியே இழுக்கலையே!"

"ஒண்ணும் பண்ணல. சும்மா உக்காந்திருக்கேன்."

"எப்ப வருவே?"

"எனக்கு எப்பத் தோணுதோ அப்ப வருவேன். ரெண்டு பேரும் போய் வேலையைப் பாருங்க."

குய்யினுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்துவிட்டது. லான்மோய் மூடிய கதவில் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நின்றாள். புகையிலைக் கறை ஏறக்குறைய போய்விட்டிருந்தது. நகக்கண்களில் மட்டும் கொஞ்சம் மிச்சம் இருந்தது.

"லான்மோய்" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

"என்னங்க?"

"டீ போடு. பெரிய கிண்ணத்துல."